ஹாலுக்குப் போன தலையணை

“பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்துடுங்க டாக்டரம்மா. தலைவலி வந்தா வந்துட்டுப் போகுது.”

டாக்டரம்மா பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டார்.

“வெறும் தலைவலியா வந்துச்சு உனக்கு? கண்ணு முன்னால வெளிச்சம் நெளியுதுன்னு நீதானே சொன்னே? அப்படி வர்றவங்க அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவே?”

“எங்க லாண்டரியில பாதிப் பேர் அதைத்தான் சாப்பிடறாங்க. எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?”

“அவங்க உடம்பு அவங்களுக்கு. அவங்க ஜாக்கெட் உனக்குச் சேருமா?”

ஓட்டல் லாண்டரியில் நாளெல்லாம் நின்றுகொண்டே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். கருத்தடை மாத்திரையை விட்ட பிறகு காப்பர்-டி வைத்துப் பார்த்தாள். மாதா மாதம் ரத்தம் கொட்டு கொட்டென்று கொட்டி, ஒருநாள் இஸ்திரி மேசை மேலேயே மயங்கிச் சரிந்தாள். அதை எடுத்துவிட்டு ஊசி போட்டார்கள். அதிலும் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருந்ததே தவிர நின்றபாடில்லை.

“தோலுக்கு அடியில கையில வைக்கிற குச்சி இருக்கு. கர்ப்பப்பையில வைக்கிறதுலயே ரத்தப்போக்கைக் குறைக்கிற மாதிரி வேற ஒண்ணு இருக்கு. உனக்கு எது ஒத்துக்கும்னு நிதானமா பார்ப்போம். இப்ப என்ன தலைபோற அவசரம்?”

அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். கூட வந்த அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன். இவ வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போய் மாசக் கணக்காச்சு.”

“அக்கா, சும்மா இரேன்.”

“ஏன் சும்மா இருக்கணும்? பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னா தள்ளிப் படுத்துக்கறதா? ரெண்டு புள்ளை பெத்துக் கொடுத்தாச்சு, இனிமே இவ எதுக்குன்னு நினைச்சுட்டார் போல!”

வேலை விட்டு வந்தால் வெந்நீர் வைத்துத் தருகிறார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் முன்னெல்லாம் கூடவே உட்கார்ந்து, அவள் காலை மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிடுவார். இன்றைக்கு மேஸ்திரி யாரைத் திட்டினான் என்று கதை கேட்பார். இப்போது வாளியை வைத்த கையோடு, வண்டியைத் துடைக்கணும் என்று வெளியே போய்விடுகிறார். தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது போல. கட்டிலில் அவர் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. சின்னவன் தூக்கத்தில் அங்கே உருண்டால்கூட இழுத்து இந்தப் பக்கம் போட்டுக்கொள்வாள்.

“மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் அவர் என் பக்கத்துல இருந்தார் டாக்டரம்மா” என்றாள் மெல்ல. “தலைவலியைப் பொறுத்துக்கிட்டே இருந்திருக்கலாம்.”

“பொறுத்துக்கறதுக்குன்னே ஒரு உடம்பா? நல்ல கதை. ஒருநாள் அவரைக் கூட்டிக்கிட்டு வா, உட்கார்ந்து பேசுவோம்.”

“வருவார், வருவார்! பேக்கரி வண்டியை விட்டு இறங்கவே நேரமில்லாத மனுஷன்” என்றபடி கதவைத் திறந்த அக்கா, அப்படியே நின்றுவிட்டாள்.

வராந்தாவின் கோடியில், ரத்தமும் மற்றதும் பரிசோதிக்கிற அறையின் ஜன்னல் முன்னால், பேக்கரிச் சட்டையோடு அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தியா கூத்தை! கடை கடையா ரொட்டி போடற நேரத்துல இங்க என்ன வேலை? எவளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரோ!”

அவள் அக்காவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அக்கா விடுவிடுவென்று போய்விட்டாள்.

“என்ன மாப்பிள்ளை சார், யாருக்கு டெஸ்ட்டு?”

திரும்பியவர் பின்னால் பெண்டாட்டியையும் பார்த்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன் மாதிரி முகம் போயிற்று.

“எனக்குத்தான் அண்ணி. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். சரியா நடந்திருக்கான்னு இன்னிக்குத்தான் டெஸ்ட்டு முடிவு சொன்னாங்க.”

“ஆபரேஷனா? எப்போ?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ரொட்டித் தட்டு தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு படுத்திருந்தேனே, அப்போ.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எல்லாத்தையும் உன் உடம்பு மேலயே போட்டுப் பார்த்துட்டோம். முன்னாடியே சொன்னா நீ விடமாட்டே.”

அக்கா விடுவதாக இல்லை. “அதுக்கு எதுக்கய்யா ஹாலுக்குப் போய்ப் படுக்கணும்?”

“டெஸ்ட்டு முடிவு வர்ற வரைக்கும் கரு தங்க வாய்ப்பு இருக்கு, ஜாக்கிரதையா இருக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

ஜன்னலுக்குள்ளே இருந்த நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அதுக்குத்தானே சார் பை நிறைய ஆணுறை கொடுத்தனுப்பினேன்? தள்ளிப் படுக்கவா சொன்னேன்?”

“கொடுத்தீங்க. அதுவும் தப்பிப்போச்சுன்னா மறுபடி இவதானே படணும்?” என்றார் அவர், காதெல்லாம் சூடேற. “இவ பக்கத்துல படுத்தா, என் பேச்சை நானே கேக்க மாட்டேங்க.”