கிழித்த தாள்

கோபாலபுரம் வேதமூர்த்தி சார் ரகசியக் குறியீட்டு ஆராய்ச்சியாளர். உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாத பாஸ்வேர்டு போட்டு, ஒரு வார வேலையைக் கம்ப்யூட்டரில் பூட்டிவிட்டு, ஞாயிறு முழுக்க கிரிக்கெட் பார்த்தார். திங்கட்கிழமை பாஸ்வேர்டு மறந்துபோனது. பத்து நிமிடத்தில் வெளிநாட்டுக்காரர்களிடம் அந்த வேலையைக் காட்டியாக வேண்டும்.

"தேவானை! சனிக்கிழமை காலண்டர் தாள் எங்கே?"

வீடு பெருக்கும் தேவானை நிமிர்ந்தாள். "கிய்ச்சி குப்பைல போட்டேன் சார். வண்டிக்காரன் வாரிக்கினு பூட்டான்."

"அதுலதான் பாஸ்வேர்டு எழுதியிருந்தேன். என் உத்தியோகமே போச்சு!"

"நீலக் காக்கா, ஈரச் செருப்பு, ஏழு இட்லி. அதானே சார்?"

பூட்டு திறந்தது. சாரின் முகம் சிவந்தது.

"படிக்கத் தெரியாதுன்னுதானே உன்னை வேலைக்கு வெச்சேன்!"

"அது தெரியும் சார். ரெண்டு வருசமா அந்தத் தாளுங்கள்லதான் எழுத்துக் கூட்டுறேன். வேலை பூடும்னுதான் உங்ககிட்ட மூச்சு விடல."