கலியாணசுந்தரத்தை அழைக்க வருகிறவர்கள்

எங்கள் காஜா பேராங் பகுதி முழுக்கக் காலி. நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், என்றைக்கு என்று அறிவிக்கப் போகிறார்களாம். தெருவே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்விட்டது.

நானும் அங்கே போகத்தான் பட்டுப்புடவையில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் கூடத்தில் பாயைப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஊரே அடங்கிக் கிடக்குது, சாரதா. இன்னிக்குக் கட்டாயம் வந்துருவாங்க லா!"

வருகிறவர்கள் சாமி இல்லையாம். பேய் இல்லையாம். மனிதரும் இல்லையாம். நட்சத்திரங்களுக்கு அப்பால் இருக்கிறவர்களாம். மூச்சு முதுகுத்தண்டில் ஏறிப் புருவ மத்தியில் நின்றால், வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். உடம்போடு.

பக்கத்து வீட்டுச் சீனர் ஆ லிம், மூச்சைத் தொப்புளுக்குக் கீழேதான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இவருக்கு யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் மேலே ஏற்றுகிறார், சாயங்காலம் கீழே இறக்குகிறார். அந்த மூச்சுக்கே தலை சுற்றியிருக்கும்.

ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் சைக்கிளில் பறந்துபோய்ச் சரிசெய்கிறவர். அதுதான் வேலை. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகி ஒழுகித் தரையெல்லாம் பாசி. கேட்டால், விட்டுப் போகிற வீட்டுக்கு எதற்கு என்கிறார்.

இவர் போய்விட்டால் நான் என்ன ஆவேன்? ஒரு தடவை கேட்டேன். அவர்கள் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இந்த மனுஷனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் கண்ணை மூடினார். நான் பட்டுப்புடவையோடு சமையலறைக்குப் போய்ப் புளியைக் கரைத்தேன்.

பின்வாசலில் விழுந்திருந்த வெயில் சற்று ஒதுங்கியது. காகம் கத்துவது நின்றது.

வந்துவிட்டார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குரலும் கிடையாது. கேள்வி மட்டும் நெஞ்சுக்குள் வந்து நிற்கும், நேற்றைப்போல, அதற்கு முந்தின நாளைப்போல. மரியாதையான கேள்விதான்.

அவரை அனுப்பி வைக்கிறீர்களா அம்மா?

பெண்டாட்டி மனசார விடை கொடுக்காமல் ஆண்பிள்ளை துறவுக்குக் கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். இத்தனை புத்தகம் படித்தவர் அதை மறந்துவிட்டார். எங்கிருந்தோ வருகிற அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முடியாது என்றேன்.

வெயில் பழையபடி விழுந்தது.

கூடத்தில் அவர் மூச்சை விடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

"இன்னிக்கும் வரல. எங்க தப்பு நடக்குதுன்னே தெரியல, சாரதா."

சட்டையை எடுத்துக் கொடுத்தேன். இப்போது கிளம்பினாலும் திடலில் கூட்டம் இருக்கும் என்றேன். அங்கே என்னை விட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது என்றும் சொன்னேன்.