மூன்றாவது நாற்காலி

“நான் காத்திருக்கேண்ணே. நீங்களே வெட்டி விடுங்க,” என்றபடி பெஞ்சில் சாய்ந்து செய்தித்தாளை விரித்தார் மளிகைக் கடைக்காரர்.

சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் பின்னால், மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு புதிய ஆள் நின்றான்.

“அவன் சும்மாதானே நிக்கிறான். அங்கே உட்காருங்களேன்.”

“எனக்கு முடியை எடுத்தா போதும்ணே. உயிரை எடுக்க வேணாம்.”

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. புதிய ஆள் துணியை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அன்று அது நாலாவது தடவை. ‘சனிக்கிழமையோட நின்னுக்கோப்பா’ என்று சலூன்காரர் அவனிடம் காலையில்தான் சொல்லியிருந்தார். ‘சரிண்ணே’ என்றானே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? ஒரு சண்டையில் கத்தியை எடுத்தான். ஓர் உயிர் போயிற்று. ஏழு வருடம் உள்ளே இருந்தான். இந்தத் தொழிலையும் அங்கேதான் கற்றான். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஆனால் விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து, ஒரே ஒருவரைத் தவிர, அவன் நாற்காலியில் ஈகூட உட்காரவில்லை. அவன் நிற்கிற கடை என்று சிலர் எதிர்க்கடைக்கே போய்விட்டார்கள்.

லீவு நாளில் எங்கே போகிறாய் என்று சலூன்காரர் ஒருமுறை கேட்டார். “எங்க வீட்டுத் தெருவுக்குண்ணே. எதிர்ப்பக்கம் நின்னு அம்மா துணி காயப்போடறதைப் பார்ப்பேன். கொடி நிறைஞ்சதும் திரும்பிடுவேன்” என்றான். அன்று சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

கதவு திறந்தது. வியாழக்கிழமைப் பெரியவர்.

வாரம் தவறாமல் வருகிறவர். மடிப்புக் கலையாத சட்டை, தூணை விழுங்கியதுபோல் நிமிர்ந்த முதுகு. யாரையும் பார்க்காமல் நேராக நடந்துபோய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். “சவரம்” என்றார். வழக்கம்போல் அவ்வளவுதான் பேச்சு.

முதல் தடவை வந்தபோது சலூன்காரர் பதறிப்போய்க் குறுக்கே ஓடினார். “ஐயா, அவனுக்குக் கத்திரி வேலை மட்டும்தான். சவரம் நான் பண்றேன்.”

“ஏன், இவனுக்குக் கத்தி எடுக்கத் தெரியாதா?” என்று கேட்டார் பெரியவர். சலூன்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

அதற்குப் பிறகு சலூன்காரருக்கு ஒரு சந்தேகம். செத்துப்போனவனுக்கும் தகப்பன் என்று ஒருவர் இருப்பாரே. அவர்தான் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வருகிறாரோ? பல வியாழக்கிழமைகள் பெரியவரின் கைகளையே கவனித்தார். அவை நாற்காலியின் பிடியை விட்டு அசைந்ததில்லை. நுரை பூசியதும் கண்ணை மூடிக்கொள்வார். மீசையை எப்படி வைக்க வேண்டும் என்று அவன் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. பத்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் ஆகும். இருவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று ஒரு கன்னம் முடிந்திருந்தது. சலூன்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“ஐயா, அடுத்த வாரத்திலேர்ந்து உங்களுக்கு நானே பண்றேன். இவன் சனிக்கிழமையோட நின்னுக்கறான்.”

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. “ஏன், வேலையில குறையா?”

“குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். ஜனங்க வர மாட்டேங்கறாங்க.”

“நான் வர்றேனே.”

“தனி மரம் தோப்பாகுமா ஐயா?”

மளிகைக் கடைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “ஊரை விடுங்க பெரியவரே. இவனைப் பெத்தவரே கைகழுவிட்டாராம். பெரிய மானஸ்தராம். கோர்ட்டு வாசல்லயே ‘எனக்கு இப்படி ஒரு பிள்ளை பொறக்கவே இல்லை’ன்னு சொல்லிட்டுப் போனவராம். ஏழு வருஷத்துல ஒரு தடவை எட்டிப் பார்க்கலை.”

“அது தப்புங்கறீங்களா?”

“யார் சொன்னா? நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மானம் போனா திரும்பி வருமா?”

“வராது,” என்றார் பெரியவர்.

“அவரை ஏன் இழுக்கறீங்க?” என்றான் புதிய ஆள். பெஞ்சைப் பார்த்து அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “அவர் மேல ஒரு தப்பும் இல்லை.” கத்தி அந்தரத்தில் நின்றது.

“தப்பு யார் மேல இருந்தா என்னப்பா,” என்று பெருமூச்சு விட்டார் சலூன்காரர். “நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லை ஐயா. பெத்த அப்பனே நம்பாதவனை ஊர் எப்படி நம்பும்? அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை வந்து, நாலு பேர் பார்க்க இவன் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கட்டும். அப்புறம் யாரு வந்தாலும் வராட்டாலும் இவனை நான் அனுப்ப மாட்டேன்.”

பெரியவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடி வழியே பெஞ்சிலிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஒருநாளும் படாத அந்த முதுகு மெல்லச் சாய்ந்தது. கழுத்தை அண்ணாந்து கொடுத்தார்.

“இவனோட அப்பன் நாலு மாசமா இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கான்,” என்றார். “மீதியையும் வழிடா.”