கேத்தனின் மந்தி

புலி கண்ணில் படாமல் சஃபாரி ஜீப்பில் இருப்பவர்கள் சலித்துப்போனால், வழிகாட்டி கேத்தன் கைகளை வாயருகே குவித்து, புலியைக் கண்ட மந்திபோலக் கத்துவான். அவர்கள் பரபரத்துக் கேமராவைத் தூக்குவார்கள். பள்ளத்தில் துடைப்பத்துக்குச் சீமாற்றுப்புல் அறுக்கும் பெண்கள், அவன் மனைவி ரங்கியும்தான், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்று வந்தவர்களுக்குப் பறவைகளே போதும். ஒரு மரங்கொத்தியில் லயித்துக் கிடந்தார்கள். கேத்தன் வாயே திறக்கவில்லை. பள்ளத்து மரங்களில் மந்தி கத்தியது. மீண்டும் கத்தியது. மரங்கொத்தி பறந்துபோக, கேமராக்கள் பள்ளத்தின் பக்கம் திரும்பின. கேத்தன் இருக்கைமேல் ஏறி நின்று அலறினான். "ரங்கி, அது நான் இல்ல. மேல ஓடியா." கீழே சிரிப்பு கேட்டது. "இன்னிக்கு நெசம் மாதிரியே கத்துற மாமா" என்றாள் ரங்கி.