இரைச்சலுக்குள் இருந்த குரல்

விளக்கணைத்த அறையில் 'ங்ர்ர்ர்' என்று ஏதோ இரைந்தது. கணினிப் பக்கத்தில் இருந்த பழைய ஸ்பீக்கர்தான். அதன் இரைச்சலைப் போக்க வந்திருந்த புது சவுண்ட் கார்டுப் பெட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா, ஆஸ்துமாவா? நான் வந்துட்டேன்ல, இனிமே கண்ணாடி மாதிரிப் பேசுவீங்க."

"வேண்டாம்டா தம்பி. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

வெளியூர் போன கணவன் கடைசியாக அனுப்பிய குரல்பதிவை, குழந்தை தூங்கியதும் செலின் தினமும் போட்டுக் கேட்பாள். அதற்குப் பிறகு அவன் போனே எடுப்பதில்லை. பதிவின் முடிவில் தணிந்த குரலில் என்னவோ சொல்வான். அது இரைச்சலில் மூழ்கிவிடும். ஆசையாக ஏதோ சொல்கிறான் என்று நினைத்து, ஸ்பீக்கரில் கன்னத்தை ஒட்டிக்கொள்வாள். அவனிடம் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது, எந்நேரமும் வரலாம் என்று, தனியாக இருக்கப் பயந்தாலும் உள்தாழ்ப்பாள் போடாமலே படுப்பாள்.

அவன் சொன்னது ஸ்பீக்கருக்குத் தெரியும். அந்தக் கன்னத்தின் சூடும் தெரியும்.

செலின் ஸ்பீக்கர் வயரைப் புதுப் பெட்டியில் செருகி, பதிவைப் போட்டாள். ஸ்பீக்கர் மூச்சைப் பிடித்து இரைந்து பார்த்தது; இரைச்சல் வரவில்லை. அவன் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது.

"நான் இனிமே வரமாட்டேன், செலின். கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கு."

"ஐயோ, எனக்குத் தெரியாதேக்கா..." என்றது சவுண்ட் கார்டு.

ஸ்பீக்கர், அந்தக் கன்னம் இன்னும் ஒரு தடவை வந்து ஒட்டுமா என்று காத்திருந்தது.

செலின் எழுந்து போய் உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.