மிதக்கிற முடி

“தோலை எங்கடா பதுக்கி வெச்சிருக்கிறே?”

கேட்டுக்கொண்டே காட்டிலாகா கார்டு வெங்கிடுசாமி கேழ்வரகுப் பானையை உதைத்து உடைத்தான். தானியம் வாசல் வரை ஓட, கோழிகளுக்குக் கொண்டாட்டம். அவன் தேடி வந்த கடமான் தோல் மட்டும் அதற்குள்ளும் இல்லை.

சென்றாயன் குனிந்து பானை ஓடுகளைப் பொறுக்கினான். அவன் பெண்சாதி மாதம்மாள் சிந்திய கேழ்வரகையும் கார்டையும் மாறி மாறி முறைத்தாள்.

போன கார்த்திகையில் ஓசித் தேன் கேட்டு வந்த கார்டை, ஊர்க்காரர்கள் முன்னால் வெறுங்கையோடு அனுப்பியிருந்தான் சென்றாயன். அன்றிலிருந்தே அவனுக்கு இந்த வீட்டின் மேல் ஒரு கண். தோல் கிடைக்காவிட்டால் என்ன, ஆள் கிடைத்துவிட்டானே! சென்றாயனின் கைகளைத் துண்டால் கட்டி, வாழவந்தி நாட்டுக் காட்டு பங்களாவுக்கு இழுத்துப் போனான்.

மாதம்மாளும் பின்னாலேயே நடந்தாள். தினமும் அவள் பெருக்கித் துடைக்கிற பங்களாதான். இன்றைக்குக் கதவோரமாகவே ஒதுங்கி நின்றுகொண்டாள்.

காட்டிலாகா துரை அப்போதுதான் ஆற்றிலிருந்து திரும்பியிருந்தார். தூண்டில் கழியை மூலையில் சாத்திவிட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொம்பில் தொப்பியை மாட்டினார். கூடை நிறையக் கெண்டை. முகம் நிறையச் சிரிப்பு.

“அத்தனையும் இவன் கட்டின பொய்ப்பூச்சியில் மாட்டின மீனுங்க, துரை,” என்று ஆரம்பித்தான் கார்டு. “தூண்டி முள்ளு மேல முடியை வெச்சு நூலைச் சுத்திக் கட்டறான். மீனு அதை ஈன்னு நெனச்சு ஏமாந்து கவ்வுது. அது என்ன முடின்னு கேளுங்க!”

“ஆட்டு முடிங்க,” என்றான் சென்றாயன். பூச்சி கட்டத் தெரிந்தவனுக்குப் பொய் கட்டத் தெரியவில்லை.

கார்டு இதற்காகவே காத்திருந்தவன்போலச் சிரித்தான். சென்றாயன் வீட்டில் எடுத்த மூங்கில் குழாயை மேசை மேல் கவிழ்த்தான். அடியிலிருக்கும் பஞ்சு போன்ற பூமயிரைப் பேன்சீப்பால் வாரித் தள்ளி, நுனியெல்லாம் ஒரே மட்டமாக நிற்கும்படி தட்டி அடுக்கிய முடிக் கற்றை விழுந்தது.

ஒரு பிடி எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் போட்டு விரலால் அமுக்கினான். விரலை எடுத்ததும் அத்தனை முடியும் மேலே வந்து மிதந்தது.

“பாருங்க! ஆட்டு முடியா இருந்தா முழுகிப் போயிருக்கும். கடமான் முடிக்கு உள்ளாற வெறுங்கூடு, காத்துதான் இருக்கும், அதான் மெதக்குது.” மிச்சத்தை மூக்கருகே கொண்டுபோனான். “அட, கற்பூர வாசம்! தோலைச் சாமி மாடத்துலயே ஒளிச்சு வெச்சிருந்திருக்கிறானுங்க. தைப் பொங்க நோம்பிக்கு வேட்டை கூடாதுன்னு நீங்க உத்தரவு போட்டீங்க. அதை இவன் மதிச்சானா?”

துரையின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முன்ஷி வாத்தியார் வைத்துப் படித்த தமிழில் சீறினார்.

“இந்த மானைக் கொன்றவன் எவனாக இருந்தாலும் சிறைதான். என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் விடமாட்டேன்! தலை எங்கே? கொம்பு எங்கே?”

சென்றாயன் ஒரே ஒரு முறை மாதம்மாளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியாதுங்க,” என்றான்.

“தெரியாதா?” கார்டு அவன் பிடரியில் ஓங்கி ஒரு அறை வைத்துத் தோளை அழுத்திப் பிடித்தான். “ஜெயில்ல களி தின்னா எல்லாம் தானா தெரியும்டா!”

அந்த அறை மாதம்மாளின் மேல்தான் விழுந்தது. அதுவரை அவளைப் பிடித்து நிறுத்தியிருந்த பயம் அதோடு விட்டுப் போயிற்று.

“அவரை அடிக்காதீங்க. முடி கொண்டாந்து குடுத்தது நானு,” என்று முன்னால் வந்தாள்.

“வேண்டாம் புள்ளே!” என்று பதறினான் சென்றாயன்.

“நீங்க சும்மா இருங்க மாமா. பொழப்புப் போயிருமேன்னு இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனி போனாப் போகட்டும்.” அவள் கார்டின் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க கார்டய்யா, மானைக் கொன்னவங்களுக்குத்தான ஜெயிலு?”

“பின்ன, உன்ற கோழிக்கா?”

“தொரைங்க சொன்ன சொல்லும் அதுதானுங்களே?”

“சொன்ன சொல் மாறமாட்டேன்!” துரை மேசையில் குத்தினார். சொம்பு கவிழ்ந்து தண்ணீரும் முடியும் தரையில் ஓடின. “பேச்சை வளர்க்காதே. கொம்பு எங்கே?”

“காட்டறனுங்க. அந்தக் கற்பூரம் எங்க சாமி மாடத்துக் கற்பூரமில்லீங்க. பூச்சி அரிச்சிரக் கூடாதுன்னு வாராவாரம் நாந்தான் பொடி பண்ணித் தூவறேன். துடைக்கும்போது கழுத்துல சுவத்தோரமாப் பாத்து, ஒவ்வொரு பிடி புடுங்கிக்கிட்டதும் நாந்தான்.”

கார்டின் கை தானாகச் சென்றாயனின் தோளிலிருந்து இறங்கியது. மாதம்மாள் துரைக்குப் பின்னாலிருந்த சுவரைக் கை நீட்டிக் காட்டினாள்.

“நீங்க சுட்டுக் கொண்டாந்து சுவத்துல பதிச்சு வெச்சு, இப்ப தொப்பி மாட்டியிருக்கீங்களே, அந்த மான் தலைதானுங்க!”