மூடி போட்ட வாளி

"அவர் திருடறார்," என்றாள் டெஸ்ஸா.

"எதை?"

"குப்பையை."

ஓவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெஸ்ஸா முறைத்த முறைப்பில் அதை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

சிரிக்கிற விஷயம் இல்லைதான். இருவரும் சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி வருடம். மாணவர் விடுதி ஒரு வாரத்தில் எறியும் குப்பையைப் பிரித்து, காகிதம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு என்று நிறுத்து எழுத வேண்டும். ஒவ்வொரு பைக்கும் நம்பர் அட்டை கட்டி விடுதியின் பின்பக்கம் அடுக்கியிருந்தார்கள். வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் கணக்கு செல்லாது. நகராட்சியின் குப்பைத் துறையில் டெஸ்ஸாவுக்கு ஒரு வேலை ஏறக்குறைய நிச்சயம். இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நானே பார்த்தேன். காலையில ஆறு மணி. வெர்னான் பதினாலாம் நம்பர் பையை அவிழ்க்கறார். எதையோ எடுத்துத் தன் வாளியில போடறார். மறுபடி கட்டி, நம்ம அட்டையையும் அதே மாதிரி மாட்டறார். பழகின கை!"

வெர்னான் விடுதியைப் பெருக்கித் துடைக்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாயில் எப்போதும் விசில்.

"கோக் கேனா இருக்கும்," என்றான் ஓவன். "கடையில திருப்பிக் கொடுத்தா ஒண்ணுக்குப் பத்து சென்ட் வருமே."

பதினான்காம் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கேன்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கூடவே நல்ல ஹெட்ஃபோன் ஒன்று, பிரிக்காத சாக்லேட் டப்பா ஒன்று.

"இதையெல்லாம் விட்டுட்டு, அப்படி எதைத்தான் எடுக்கறார் மனுஷன்?"

அன்று முழுவதும் டெஸ்ஸாவுக்கு வகுப்பில் மனம் ஒட்டவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ஐந்தரைக்கே போய், பனியில் விறைத்தபடி காத்திருந்தாள். அவளுக்கும் முன்பே பைகளை முடித்துவிட்டு வெர்னான் வந்தார். கையில் வாளி. அதற்கு இறுக்கமாக ஒரு மூடி.

"வாளியில என்ன வெர்னான்?"

"உனக்கு வேண்டாத சமாச்சாரம், விஞ்ஞானியம்மா."

விசிலடித்துக்கொண்டே போய்விட்டார்.

டெஸ்ஸாவுக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே லேப்டாப்பைத் திறந்து பராமரிப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுத ஆரம்பித்தாள்.

"ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பாரேன், டெஸ்," என்றான் ஓவன். "அவர் வேலைக்கே உலை வைக்கற."

"என் வேலைக்கு அவர் வைக்கலையா?"

மாலைக்குள் வெர்னானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

வியாழக்கிழமைப் பைகளை யாரும் தொடவில்லை. கட்டு கட்டினபடி இருந்தது. டெஸ்ஸா நிம்மதியாக முதல் பையை அவிழ்த்துக் கையை விட்டாள்.

"ஆ!"

உடைந்த பீர் பாட்டில். கையுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கையில் இறங்கியிருந்தது. நான்கு தையல்.

வெள்ளிக்கிழமை, கையில் கட்டோடு விசாரணைக்குப் போனாள். வெர்னான் அதே வாளியோடு உட்கார்ந்திருந்தார். விசிலைக் காணோம்.

"பையிலேர்ந்து என்ன எடுத்தீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

வெர்னான் வாளியை மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தார்.

உடைந்த பாட்டில்கள். சவர பிளேடுகள். மூடியில்லாத இன்சுலின் ஊசிகள்.

"போன வருஷமும் பசங்க இதே ப்ராஜெக்ட் பண்ணாங்க மேடம். 'உள்ள கண்ணாடி கிடக்கும், முதல்ல நான் எடுத்துடறேன்'னு சொன்னேன். 'தொடாதீங்க, கணக்கு கெட்டுடும்'னாங்க. ஒரு பையனுக்கு விரல்ல ஊசி குத்திடுச்சு. ஆறு மாசம் ரத்தப் பரிசோதனைக்கு அலைஞ்சான், பாவம். அதான் இந்த வருஷம் நான் யாரையும் கேட்கலை."

டெஸ்ஸாவுக்கு வெட்கமாக இருந்தது. கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் எழுதினது தப்பு, மேடம். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

அதிகாரி ஃபைலை மூடினார். "தொடாதேன்னு போட்டிருந்தா தொடக் கூடாது வெர்னான்," என்று ஒப்புக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு, "போங்க, போய் வேலையைப் பாருங்க," என்றார்.

வெளியே வராந்தாவில் டெஸ்ஸா அவரை நிறுத்தினாள்.

"ஸாரி வெர்னான்."

"அட, விடு."

"இந்தக் கண்ணாடி, பிளேடு எதுவும் எங்க கணக்குல வரலை. அறிக்கையே தப்பு. இன்னிக்கே புரொஃபசர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். வேலை போனா போகட்டும்."

வெர்னான் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஏதோ பீட்ஸா டப்பாவின் மூடி. பின்பக்கம் கோடு போட்டு, கிழமை, பை நம்பர், கண்ணாடி எவ்வளவு, பிளேடு எவ்வளவு, ஊசி எத்தனை என்று வரிசையாக எழுதியிருந்தது.

"ஒண்ணும் போகாது. எல்லாம் உன் தராசுலயேதான் நிறுத்தேன். வாரக் கடைசியில வாளியோட உன்கிட்டயே கொடுக்கலாம்னு வச்சிருந்தேன். சேர்த்துக்கோ, கணக்கு சரியாயிடும்."

டெஸ்ஸா அட்டையை வாங்கிப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன், எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன. வியாழனுக்கு நேரே மட்டும் காலி.

"அதை மட்டும் நீதான்மா எழுதிக்கணும்," என்றார் வெர்னான், வாளியைத் தூக்கிக்கொண்டே. "அன்னிக்குப் பையில என்ன இருந்ததுன்னு உனக்குத்தானே தெரியும்."